4கே திரையில் லினக்ஸ் கன்சோல் எழுத்தைப் பெரிதாக்க

4கே திரையுள்ள மடிக்கணினியில் லினக்ஸ் பூட் ஆகும்போது, கன்சோலில் (எழுத்து மட்டும் காட்டும் திரையில்) எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறதா? லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் வழக்கமான விஜிஏ ஃபான்ட் வெறும் 8×16 பிக்சல். 3840×2160 திரையில் அது வரிக்கு 480 எழுத்து, மொத்தம் 135 வரி. கர்னல் முடங்கும்போது வரும் 'கர்னல் பேனிக்' செய்தியைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும்.

கர்னலுக்குள்ளேயே 16×32 அளவில் டெர்மினஸ் ஃபான்ட் இருக்கிறது. கர்னலை நாமே கம்பைல் செய்யுமுன் அதில் என்னென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுவான மெனுகான்ஃபிக்கைத் திறந்து, லைப்ரரி ருட்டீன்ஸ் பகுதிக்குள் போய், முதலில் "செலக்ட் கம்பைல்ட்-இன் ஃபான்ட்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். அதைச் செய்யாதவரை ஃபான்ட் பட்டியலே கண்ணில் படாது. பலர் தேடித் தேடி ஓய்வது இங்கேதான். அப்புறம் டெர்மினஸைத் தேர்ந்தெடுங்கள். பழைய 8×16 ஃபான்ட்டையும் விட்டுவையுங்கள், எல்லா டிஸ்ப்ளே டிரைவரும் பெரிய ஃபான்ட்டை ஏற்காது. கம்பைல் செய்து பூட் செய்தால் 240 எழுத்து, 67 வரி. கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி!

கம்பைல் செய்ய நேரமில்லையா? சரி, டெபியன், உபுண்டுவில் கன்சோல்-செட்டப் என்ற தொகுப்பை ரீகான்ஃபிகர் செய்து அதே டெர்மினஸ் 16×32 வைக்கலாம். ஆனால் அது பூட்டின் தொடக்கச் செய்திகளுக்கு உதவாது.

தமிழ் எழுத்து மட்டும் இதில் சரியாக வராது. கன்சோல் ஃபான்ட்டில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், கொம்பையும் காலையும் சேர்த்து எழுதும் வேலையும் அதற்குத் தெரியாது.