மின்சார பிக்அப் வாங்கும் முன்: வண்டி இரவில் எங்கே நிற்கும்?

செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலை காய்கறிக் கூடை ஏற்றுகிறவர்களிடம் மின்சார பிக்அப் என்று பேச்செடுத்தால் இரண்டு கேள்விதான் வரும். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி போனால் எவ்வளவு செலவாகும்? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் கையைச் சுடும் தவறு இந்த இரண்டிலும் இல்லை.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதற்குப் பிறகு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்அப்பைக் கொடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறலாமா என்று கேட்பவர்கள், முன்பே மின்சார பிக்அப்புக்கு மாறிய நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்க்கிறோம். சார்ஜ் ஏற்ற மறப்பது, செயலியில் பணம் போட மறப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறோம்.

முன்பணம் கட்டிய பிறகு மீட்டர் பெட்டியைத் திறப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. பத்து நிமிடத்தில் தவிர்க்கக்கூடிய தவறு இது. வண்டியை முன்பதிவு செய்து, கடனும் கிடைத்து, சாவி வாங்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வயர்மேனைக் கூப்பிடுகிறார்கள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். கொண்டோவில் இருப்பவருக்கோ, நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்க இப்போதைக்கு அனுமதி இல்லை என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வருகிறது. "பரவாயில்லை, வெளியே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். ஓரளவு சுமையோடு ஓடும் மின்சார பிக்அப் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26 யூனிட் (கிலோவாட் மணி) எடுக்கும். வீட்டில் ஏற்றும்போது வழியில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 28 யூனிட்டுக்குச் சற்று மேல் ஓடும். யூனிட் 45 சென் என்றால் 13 ரிங்கிட். அதே 26 யூனிட்டை வெளியே விரைவு சார்ஜரில் யூனிட் 1.50 ரிங்கிட்டுக்கு ஏற்றினால் 39 ரிங்கிட். டீசல் பிக்அப் 9 லிட்டர் குடித்து, லிட்டர் 3 ரிங்கிட் என்றால் 27 ரிங்கிட். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வீட்டுச் சார்ஜ் 325, டீசல் 675, வெளிச் சார்ஜ் 975. பாதி வீட்டிலும் பாதி வெளியிலும் ஏற்றினாலே 650 ஆகிவிடும். டீசலை விட்டு வந்ததில் மிச்சம் 25 ரிங்கிட்.

இதில் நேரத்தைச் சேர்க்கவில்லை. இசுசு டி-மேக்ஸ் மின்சார வண்டியின் பேட்டரி 66.9 யூனிட். விரைவு சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த வண்டி 50 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. 20 விழுக்காட்டிலிருந்து 80 வர ஒரு மணி நேரம். தட்டில் கீரை வாடிக்கொண்டிருக்க, உதவியாளுக்குக் கூலி ஓடிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம்.

ஆகவே விற்பனை மையத்துக்குப் போகும் முன் கைவிளக்கோடு வீட்டு மின்பெட்டியின் முன் நில்லுங்கள். முதன்மைச் சுவிட்ச் இரண்டு கம்பி வாங்குகிறதா, நான்கு கம்பியா என்று பாருங்கள். இரண்டு என்றால் ஒரு ஃபேஸ், நான்கு என்றால் மூன்று ஃபேஸ். பழைய தாமான்களில் உள்ள தரை வீடுகள் பெரும்பாலும் ஒரு ஃபேஸ்தான். ஒரு ஃபேஸ் இணைப்புக்கு உச்சவரம்பு 12 கே.வி.ஏ., அதாவது ஏறத்தாழ 12 கிலோவாட். 32 ஆம்பியர் சார்ஜர் தனியாக 7.4 கிலோவாட் இழுக்கும். இரவு ஒன்பதரைக்கு இரண்டு ஏர்கோன் 2 கிலோவாட், குளியலறை வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்று சேர்த்தால் 13 ஆகிவிடும். முதன்மைச் சுவிட்ச் விழலாம். விழாமல் சூடேறிக்கொண்டே இருந்தால் அது இன்னும் மோசம்.

உடனே மூன்று ஃபேஸுக்கு மாற்றிவிடலாம் என்று கிளம்புவது அடுத்த செலவு. மின்வாரியமான தெனாகாவுக்கு விண்ணப்பம், புது மீட்டர், உள்ளே பெட்டி மாற்றம், சில வீடுகளில் தெருவிலிருந்து வரும் கேபிளும் மாற வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கில் போகும். பலருக்கு அது தேவையே இல்லை. சார்ஜரை 16 ஆம்பியரில் வைத்தால் 3.7 கிலோவாட். இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணிவரை 37 யூனிட், அதில் பேட்டரிக்குள் போவது 33 வாக்கில். மறுநாளைக்கு 125 கிலோமீட்டர் ஓட்டம் தயார். செந்தூலிலிருந்து கிள்ளான் போய்த் திரும்புகிறவருக்கு அது தாராளம். அதைவிடக் கூடுதலாக வேண்டுமென்றால், வீட்டின் மொத்த இழுவையை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இருக்கிறது. முதன்மைக் கம்பியில் ஒரு வளையம் மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

22 கிலோவாட் சார்ஜரை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, வண்டி 11 கிலோவாட்தான் எடுக்கிறது என்று புகார் சொல்பவர்களும் உண்டு. வீட்டுச் சார்ஜில் வேகத்தைத் தீர்மானிப்பது வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்கும், வண்டிக்குள் இருக்கும் மாற்றி. 11 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சில வண்டிகள் ஒரு ஃபேஸ் வீட்டில் 16 ஆம்பியருக்கு மேல் வாங்காது. "ஒரு ஃபேஸில் எத்தனை ஆம்பியர் எடுக்கும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று முனைப் பிளக்கை நம்பாதீர்கள். 2 கிலோவாட் வேகத்தில் 66.9 யூனிட் பேட்டரி நிறைய 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிளக் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம். அந்தப் பிளக்கில் அன்றே நிறுத்துங்கள். சார்ஜருக்குத் தனிக் கம்பி, தனிச் சுவிட்ச், நேர்மின் கசிவையும் கண்டுபிடிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வேண்டும். வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளர் செய்யட்டும்.

மின்கட்டணத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள வீட்டுக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டைத் தாண்டினால், யூனிட் விலையின் ஒரு பகுதியான ஆற்றல் கட்டணம் 27.03 சென்னிலிருந்து 37.03 சென்னாகிறது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்து எல்லா யூனிட்டுக்கும். வீடு 850 யூனிட், வண்டி 710 யூனிட் என்றால் 60 யூனிட் கூடியதற்காக 156 ரிங்கிட் அதிகம். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிக்கொண்டால் வேலைநாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்சநேரம். மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. சார்ஜரில் இரவு 10 மணி என்று வைத்துவிடுங்கள். யூனிட் வரம்பு அதிலும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பார்த்த பிறகே வண்டி பார்க்கப் போகவேண்டும். "கேட்டால் கொடுத்துவிடுவார்கள்" என்பது அனுமதி ஆகாது.

வெறும் வண்டியின் தூரத்தை நம்புவது

மேலே சொன்ன இசுசுவுக்குத் தாளில் உள்ள தூரம் 263 கிலோமீட்டர். சுமையேற்றி நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 30 யூனிட் கேட்கும். அடியில் 15, 20 விழுக்காடு கையிருப்பு விட்டால் கையில் இருப்பது 180 கிலோமீட்டர் வாக்கில். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கே ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். பினாங்குக்கு மாதம் நான்கு முறை சரக்கோடு போகிறவர் இந்த அளவு பேட்டரியை வாங்கக்கூடாது.

ஏற்றத்தைப் பற்றி வீண் பயமும் இருக்கிறது. 3 டன் எடையை கேமரன் மலைக்கு, 1,400 மீட்டர் உயரம், தூக்க அடிப்படையில் 11.4 யூனிட் போதும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் 13. அதற்கு மேல் வழக்கமான ஓட்டச் செலவு. இறங்கும்போது ஒரு பகுதி திரும்பிவரும். காய்கறி ஏற்றுகிறவர் வெறும் வண்டியாக ஏறி, நிறைசுமையோடு இறங்குகிறார். மின்வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஒன்றே ஒன்று: மலையுச்சியில் 100 விழுக்காடு ஏற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பிவரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. இறக்கம் முழுக்க பிரேக்தான் வாங்கும். 80-இல் நிறுத்துங்கள்.

பாலிக் பூலாவிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு டுரியான் கொண்டுவருகிறவருக்கும் இதே பாடம்தான். அவருக்கு தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

"ஒரு டன் வண்டி" என்று நினைத்துக்கொள்வது

பேட்டரியின் எடை, சரக்கின் எடையிலிருந்துதான் கழிகிறது. டி-மேக்ஸ் மின்வண்டி ஒரு டன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, 3.5 டன் இழுக்கவும் செய்யும். 2025-இல் வந்த மின்சார ஹைலக்ஸுக்கு 59.2 யூனிட் பேட்டரி, சுமை 715 கிலோ, இழுவை 1,600 கிலோ. பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய ஹைலக்ஸ் தூக்கியதையெல்லாம் இதுவும் தூக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

715-இல் கேனப்பி (தட்டுக்கு மேல் போடும் கூண்டு) 80, தட்டு விரிப்பு 25, ஓட்டுநரும் உதவியாளும் 140 என்று கழியுங்கள். மீதி 470 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை பதினெட்டு. பத்தொன்பதாவது மூட்டை சட்டத்துக்குப் புறம்பு.

பிளக்-இன் ஹைப்ரிட்டை மின்வண்டிக் கணக்கில் சேர்ப்பது

பிளக்-இன் ஹைப்ரிட்டான பி.ஒய்.டி. ஷார்க் பிக்அப்புக்குப் பிளக்கில் சார்ஜும் ஏற்றலாம், பெட்ரோலும் குடிக்கும். தினமும் பிளக்கில் போடாதவருக்கு அது பெட்ரோல் வண்டி.

உயரத்தை அளக்காமல் விடுவது

நகரத்தில் சார்ஜர்கள் நிறைய பேரங்காடி அடித்தளத்தில் இருக்கின்றன. நுழைவாயிலில் 2.0 அல்லது 2.1 மீட்டர் என்று தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வெறும் பிக்அப் நுழைந்துவிடும். ஏணி வைக்கும் சட்டம் போட்ட குத்தகையாளர் வண்டி நுழையாது. நீளமும் 5.3 மீட்டர் வாக்கில். நிறுத்தக் கட்டம் 5 மீட்டர்தான். முகத்தை உள்ளே விடுவதா, பின்பக்கத்தையா என்பதைச் சார்ஜ் துளை இருக்கும் பக்கம் தீர்மானிக்கும். கேபிள் ஒரு முழம் குறைந்தாலும் வேலைக்காகாது.

வெள்ளம்

காப்புறுதியில் வெள்ளச் சேதத்தைத் தனியாகச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

பழைய காணொளியில் பார்த்த விலை

முழுமையாக இறக்குமதியாகும் மின்வண்டிகளுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவைக்கு 2027 இறுதிவரை உண்டு. சாலை வரியும் 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட்டை வைத்துக் கட்டவேண்டும்.

உத்தரவாதத் தாளின் இரண்டாம் பக்கம்

பேட்டரிக்கு எட்டு ஆண்டு என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும். வணிகத்துக்குப் பயன்படுத்தினால் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பவை உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். வண்டியை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்கிறவர் இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே கேட்கவேண்டும்.

சோதனை ஓட்டத்தைக் கடைத்தெருவைச் சுற்றி முடிப்பது

உங்கள் சரக்கையே ஏற்றி, உங்கள் வழியிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். சரக்குக்கு மறுத்தால் நான்கு ஆட்களையாவது ஏற்றுங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை, பினாங்குக்காரர்கள் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில். ஏர்கோன் போட்டபடியே ஓட்டுங்கள். பேட்டரி விழுக்காட்டை மூன்று இடத்தில் தாளில் குறியுங்கள்: கிளம்பும்போது, ஏற்றத்தின் உச்சியில், திரும்பிவந்து நிறுத்தும்போது.