மரத்தில் செதுக்கிய லூருக்கு ஏர்பிரஷ் வண்ணம்: அடிப்பதும் காயவைப்பதும்

மீனைப் பிடிக்க மீன் வடிவில் செய்யும் செயற்கை இரைதான் லூர். வீட்டில் செய்த லூரில் வண்ணம் உரிந்தாலோ கொப்பளித்தாலோ பலரும் பெயின்ட்டைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கீழ்ப்பூச்சு உள்ளே ஈரமாக இருக்கும்போதே மேல்பூச்சு ஏறியிருக்கும். அதனால் இங்கே காயவைப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறோம். எடுத்துக்கொண்டது 10 செ.மீ. மடவை. உப்பங்கழிகளில் கொடுவா விரட்டித் தின்னும் மீன். நான்கே நிறத்தில் முடிந்துவிடும்.

தேவையானவை

0.5 மி.மீ. நாசில் உள்ள டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி; பொத்தானை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம்). 0.3 நாசில் நுணுக்க வேலைக்கு நல்லதுதான், ஆனால் வெள்ளி நிறத்தின் மினுக்குத்தூள் அதை அடைத்துவிடும். டாங்க், ரெகுலேட்டர், வாட்டர் டிராப் (காற்றின் ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகம்) மூன்றும் உள்ள சிறு கம்ப்ரசர். கடலோர ஊர்களில் வாட்டர் டிராப் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். காற்றில் வரும் நீர்த்துளி பூச்சின் நடுவில் தெறிக்கும். ஏர்பிரஷ் அக்ரிலிக்கில் வெள்ளை, வெள்ளி, ஆலிவ் பச்சை, கறுப்பு. ஹேர் டிரையர், முகமூடி, நைட்ரைல் கையுறை. பெயின்ட் நீரில் கரைவதுதான் என்றாலும் அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

மரத்தை அடைத்தல்

செதுக்கிய உடலை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு முழு நாள் இறுகட்டும். பால்சா போன்ற லேசான மரத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. மரத்துளைகளில் உள்ள காற்று டிரையர் சூட்டில் விரிந்து, வழி தேடி, வண்ணத்தைக் குமிழாகத் தூக்கும். தேக்கு என்றால் சிக்கல் வேறு: அதன் எண்ணெய்ப்பசையில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது, முதலில் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். இறுகியதும் மினுமினுப்பு போகும்வரை மறுபடி லேசாகத் தேய்த்து, லிப்பை (லூரின் வாயருகே நீளும் தகடு) டேப்பால் மூடுங்கள். இதன்பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் விலகி வட்டவட்டமாகக் குழி விழும்.

வெள்ளை அடித்தளம்

பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் 10 சொட்டுக்கு 1 அல்லது 2 சொட்டு அக்ரிலிக் தின்னர் போதும். அழுத்தம் 25 பிஎஸ்ஐ, தூரம் 8 முதல் 10 செ.மீ. பொத்தானை அழுத்திக் காற்றை வரவிட்டு, பிறகு பின்னால் இழுத்து வண்ணத்தை விடுங்கள். நிறுத்தும்போது முதலில் வண்ணம், கடைசியில் காற்று. முதல் பூச்சு பனி படிந்ததுபோல் இருந்தால் போதும், மரம் தெரியட்டும். மூன்று நான்கு மெல்லிய பூச்சில் வெள்ளை தானாக நிறையும்.

பெயின்ட் சிலந்திக்கால்போல் ஓடினால், கை மிகவும் நெருங்கிவிட்டது அல்லது பெயின்ட் நீர்த்துவிட்டது. தூள்போல் சொரசொரத்தால் தூரம் அதிகம்: துளிகள் பறக்கும்போதே காய்ந்துவிடுகின்றன. விட்டுவிட்டுத் துப்பினால் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது, தின்னர் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள்.

காயவைத்தல்

ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு டிரையரை மிதமான சூட்டில், 20 செ.மீ. தள்ளி, அசைத்துக்கொண்டே ஒரு நிமிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் மேல்தோல் மட்டும் இறுகி நீர் உள்ளே சிறைப்படும். மின்னுவது அடங்கியதும் காய்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் பரப்பு குளிர்ந்திருக்கும், ஆகவே லூர் ஆறியதும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்னும் நம்பகமான வழி, அதே மரத்துண்டு ஒன்றில் அதே பூச்சுகளை உடன் அடித்து அதில் நகத்தை அழுத்துவது. தடம் விழுந்தால் இன்னும் ஒரு சுற்று சூடு. மழைக்காலத்தில் இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

செதில்

வெள்ளையில் சிறிது கறுப்பு கலந்து பக்கங்களுக்குச் சாம்பல், முதுகுக்குக் கறுப்பு. வயிறு வெள்ளையாகவே இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் வலைத்துணியை உடலோடு ஒட்ட இழுத்து, வயிற்றுப்பக்கம் துணிக் கிளிப் மாட்டுங்கள். பூச்சு ஈரமாக இருந்தால் வலை அதைப் பிய்த்துக்கொண்டு வரும். அதுவரை செய்த வேலை முழுவதும் வீண். வலைமேல் செங்குத்தாக பக்கங்களுக்கு வெள்ளி, முதுகுக்கு ஆலிவ் அடியுங்கள். சாய்த்து அடித்தால் வலைக்கு அடியில் புகுந்து செதில் மங்கும். அரை நிமிடம் சூடு காட்டி வலையை உரித்தால் சாம்பல் விளிம்போடு வெள்ளிச் செதில் நிற்கும். அதன்பின் கண்ணை ஒட்டுங்கள்.

மேல்பூச்சு

வண்ணத்தை ஓர் இரவு விட்டுவையுங்கள். பிறகு மெதுவாக இறுகும் இருகூறு எபாக்ஸி, சிரிஞ்சில் அளந்து 1.5 மி.லி. + 1.5 மி.லி. இது சம அளவில் கலக்கும் வகைக்கான கணக்கு. இவ்வளவு சிறிய அளவில் கண்மதிப்பில் ஊற்றினால் பிசுபிசுப்பு என்றும் போகாது. 2 நிமிடம் நிதானமாகக் கலக்கி, மென்மையான பிரஷ்ஷால் தடவி, சுழலும் மோட்டாரில் மாட்டுங்கள். மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டார், நிமிடத்துக்கு 5 அல்லது 6 சுற்று, போதுமானது. 21 வோல்ட்டிலும் அது வருகிறது, மோட்டாரின்மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல் வீட்டு மின்சாரத்தில் இணைக்காதீர்கள். எபாக்ஸி வழியாத அளவு இறுகும்வரை, சுமார் 6 மணி நேரம், சுற்றட்டும்.

ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகுபோல் ஒரு படலம் வரும். வெதுவெதுப்பான நீரில் கழுவிய பிறகே இரண்டாம் பூச்சு. 24 மணி நேரம் கழித்துக் கொக்கி மாட்டலாம், தண்ணீரில் வீச 3 நாள் பொறுங்கள்.