எடை மட்டும் போதாது, வரைபடத்தில் குறியுங்கள்
பள்ளிப் பிள்ளையைக் கண்ணால் பார்த்தே ‘குண்டு’, ‘ஒல்லி’ என்று முடிவுகட்டாதீர்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து உயரம் எடுங்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண். அதை வயதுக்கு நேராக வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் வரைபடம் வேறு. வயதுதான் இங்கே முக்கியம்: பிஎம்ஐ 19 என்பது 13 வயதுப் பையனுக்கு இயல்பு, 8 வயதுப் பையனுக்கு அதிக எடை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடத்தில் (5–19 வயது) நடுக்கோடு 0, அதற்கு மேலே +1, +2, கீழே −1, −2 எனக் கோடுகள் இருக்கும். +1 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +2 தாண்டினால் உடல் பருமன், −2-க்குக் கீழே மெலிவு. ஒரே புள்ளியை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். கோடு விட்டுக் கோடு தாவினால், இன்னும் இயல்புக்குள் இருந்தாலும் சரி, மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், மற்ற பிள்ளைகள் முன்னால் எடையைச் சத்தமாகப் படிக்கவே கூடாது.