தமிழும் அறியாத பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பித்தல்

நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரப் பள்ளிகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கின்றனர். கல்வியாண்டின் நடுவில் வந்து சேரும் இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கையில் ஆசிரியர் பலரும் ஒரே தவறைச் செய்கிறோம். ஆங்கில வாக்கியத்தை வாசித்து, அதன் பொருளைத் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்கிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு அது பழகிய வழி. வந்த பிள்ளைக்கோ அது தெரியாத ஒரு மொழியைத் தெரியாத இன்னொரு மொழியால் விளக்குவதாகும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். தலையாட்டிய பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்றும் நம்பினேன்.

சேர்க்கையிலிருந்து தொடங்குவோம். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், அதற்கு ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையோ, வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க இயலாது. ஆகவே ஆங்கிலம் தெரியவில்லை என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் உட்கார வைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, பிள்ளைக்கும் பெருத்த அவமானம்.

அடுத்து, வீட்டு மொழி எது என்பதைச் சரியாக அறியுங்கள். என்ன மொழி என்று கேட்டால் பெற்றோர் பெரும்பாலும் இந்தி என்றே சொல்வார்கள். அது வெளியாருக்கென்று வைத்திருக்கும் விடை. வீட்டில் பேசுவது சாத்ரியாகவோ, முண்டாரியாகவோ, சந்தாலியாகவோ, குருக்காகவோ இருக்கலாம். இரவில் பாட்டி எந்த மொழியில் கதை சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். ஜார்க்கண்ட் பகுதிப் பழங்குடியினரான ஒராவோன் மக்கள் பேசும் குருக், நம் தமிழைப் போலவே திராவிட மொழி. அவர்களுக்கும் பல் என்பது பல்தான். கண்ணை, தொண்டையில் உரசும் ககரத்தோடு ‘கன்’ என்பார்கள். ‘ஏன்’ என்றால் நான், ‘நீன்’ என்றால் நீ. இதை ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், அதுவரை அந்தப் பிள்ளையை ‘இந்திக்காரன்’ என்று அழைத்தவர்களின் பார்வை மாறக்கூடும்.

பல மொழி பேசும் வகுப்பறை நீலகிரிக்குப் புதிதன்று. படுகு பேசும் பிள்ளையும், பணியர், குறும்பர் குடியிருப்புகளின் பிள்ளையும் பள்ளிக்கு வந்த பிறகே பாடநூல் தமிழைக் கற்றார்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இங்கு குடியேறியவர்களின் பிள்ளைகள் தமிழே பேசினார்கள்; ஆயினும் அவர்கள் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரித்தது என்று அப்படி வந்த குடும்பத்தவரான என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிரிப்பை முதல் நாளிலேயே தடுத்துவிட வேண்டும் என்பது அதனால் எனக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

முதல் சில வாரங்கள், சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள், பேச்சே வராது. இதை மந்தம் என்றோ கூச்சம் என்றோ முடிவு கட்டாதீர்கள், பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்காலத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்லாமல், செய்து காட்டும் விடைகளைக் கேளுங்கள். ‘ஓப்பன் த டோர்’, ‘பிரிங் த ரெட் புக்’, ‘டச் யுவர் நோஸ்’ போன்ற கட்டளைகளை நீங்கள் முதலில் செய்துகாட்டிச் சொன்னால், தமிழோ இந்தியோ இல்லாமலே பொருள் விளங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த இம்முறை தொடக்க வகுப்புகளுக்கு மிகவும் பொருந்தும். கழிப்பறை, தண்ணீர், வயிற்றுவலி ஆகிய மூன்றையும் சொல்வதற்கான வாக்கியங்களை மட்டும் முதல் நாளே தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுங்கள். அவற்றைப் பாடத்திட்டத்தின் வரிசை வரும் வரை தள்ளிப்போட முடியாது.

பாடத்துக்கு வந்தால், ஒரு பாடத்திலிருந்து ஆறு அல்லது ஏழு சொற்களைத் தேர்ந்து, பொருளைக் காட்டியோ படம் வரைந்தோ நடித்தோ முன்கூட்டியே கற்பியுங்கள். யானை, குடை போன்ற சொற்கள் எளிதில் பிடிபடும். ‘பிகாஸ்’, ‘கம்பேர்’, ‘டிஃபரன்ஸ்’ போன்றவைதாம் பிள்ளையை வீழ்த்துகின்றன. அவற்றுக்கு வாக்கியச் சட்டகம் கொடுங்கள்: ‘ஐ லைக் ___ பிகாஸ் ___’ என்று பலகையில் எழுதிவைத்தால், வெற்றிடத்தில் ஒரு சொல்லை வைத்தாவது பிள்ளை முழு வாக்கியம் பேசிவிடும். கேள்வி கேட்டபின் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிக்கு நீட்டினால் விடைகள் நீளமாகவும் சிறப்பாகவும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். வீட்டு மொழியில் நினைத்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது.

பிழைகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அசாமிய மொழியில் சகர எழுத்து ‘ஸ’ என்றே ஒலிப்பதால், அம்மொழி பேசும் பிள்ளை நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ (chair) என்பதை ‘ஸேர்’ என்று சொல்லக்கூடும். அது கவனக்குறைவு ஆகாது. இந்தியில் இருபத்தொன்பதை ‘உன்தீஸ்’, அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு, என்பார்கள். அப்படிப் பழகிய பிள்ளை ‘ட்வென்டி நைன்’ என்ற சொல்லைக் கேட்டுத் தடுமாறினால் அதற்குக் கணக்கு வராது என்று பொருளில்லை. மறுபுறம், ‘ப’ (pa), ‘ப³’ (ba) வேறுபாட்டை எழுத்திலேயே கற்றுவந்த பிள்ளைக்கு, ‘பின்’ என்று நாம் ஒரே எழுத்தில் எழுதும் pin, bin ஆகிய இரண்டும், அதாவது குண்டூசியும் குப்பைத்தொட்டியும், நம் பிள்ளைகளைவிடத் தெளிவாகப் பிரிந்து வரும். அவ்விடத்தில் அப்பிள்ளையையே வகுப்புக்குச் சொல்லிக்காட்டச் செய்யுங்கள். அதன் கல்வியாண்டில் அதற்குக் கிடைக்கும் முதல் மரியாதை அதுவாக இருக்கலாம். திருத்தும்போது குறுக்கிடாமல், அதே வாக்கியத்தைச் சரியான வடிவில் திருப்பிச் சொன்னால் போதும்.

கணக்கு, அறிவியல் தேர்வுகளில் மொழியையும் அறிவையும் பிரித்து அளவிடுங்கள். தாவரத்தின் பாகங்களை வரைந்து குறிக்கச் சொல்லலாம், வீட்டு மொழியில் எழுதவும் விடலாம். ஒரு தேயிலைச் செடியின் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் எப்படி இருக்கும் என்பதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்த பிள்ளைக்குத் தாவரவியல் தெரியாது என்று மதிப்பெண் போடுவது வேடிக்கை.

பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்வதைவிட, ஞாயிறன்றோ, மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்தபின்போ, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நாம் போவதே நடைமுறை. வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கள் மொழியில் நிறையப் பேசவும் கதை சொல்லவும் சொல்லுங்கள். தாய்மொழியில் வேர்பிடித்த கருத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைப்பது பின்னர் எளிது. கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலி விடுமுறைத் தேதி சொல்ல உதவும்; உடல்நலம், ஒழுக்கம் குறித்த பேச்சுக்கு மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழையுங்கள். பிள்ளையைப் பற்றிய புகாரைப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள் என்பதும் பெரும்பாலும் இப்படி நேரில் செல்லும்போதுதான் தெரியவரும்.

கால அளவைப் பற்றிப் பொறுமை வேண்டும். விளையாட்டுத் திடல் பேச்சு ஒன்றிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூல் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இவ்விரண்டையும் 1979-இல் பிரித்துக் காட்டினார். மதிய உணவு வரிசையில் சரளமாகப் பேசும் பிள்ளை தேர்வில் தோற்றால், படிக்கவில்லை என்று கடிந்துகொள்ளும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இக்குடும்பங்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. வேலை தேடி வேறு தோட்டத்துக்கோ, ஊருக்கோ திடீரென்று கிளம்பிவிடுவார்கள். ஆகையால் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கற்ற சொற்கள், படிக்க முடிந்த பக்கம், எந்த விதமான கேள்விக்கு விடை வருகிறது, வீட்டில் எந்த மொழி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவேட்டில் மாணவருக்கு உள்ள அடையாள எண்) என்ன என்பவற்றை மாதம் ஒருமுறை தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் எழுதி, அதைப் பிள்ளையின் பையிலேயே வைத்துவிடுங்கள். ஆசிரியர் மேசையில் இருந்தால், குடும்பம் கிளம்பும் காலையில் அது மேசையிலேயே தங்கிவிடும்.