பாலைவனத்தில் விடிகாலை டீ: முதல்முறை போகிறவர்களுக்கு

துபாயில் அக்டோபர் கடைசி வந்துவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம். மால், லுலு, மறுபடி மால் என்று ஐந்து மாதம் அடைந்து கிடந்தவர்கள் வெளியே கிளம்பும் நேரம் இது. எல்லோரும் சாயங்காலம்தான் போவார்கள். நான் விடிகாலைக் கட்சி. சாயங்காலம் குவாட் பைக் சத்தமும் பக்கத்துக் கூட்டத்தின் ஸ்பீக்கரும் சேர்ந்து மண்டையைப் பிளக்கும்.

1. இடம்

ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம். என்னுடையது பழைய சன்னி கார். துபாய்க்கு வெளியே உள்ள பாலைவனப் பகுதியான அல் குத்ரா பக்கம் தார் ரோட்டை ஒட்டி, ஏற்கனவே வண்டிகள் நின்று இறுகிய தரை இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு இருநூறு அடி நடந்தால் போதும். "இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம்" என்று மச்சான் சொல்வார், கேட்காதீர்கள். வேலி, தடை போர்டு இருந்தால் அது காப்புக்காடு மாதிரி, வேறு இடம் பாருங்கள். கிளம்பும்முன் பனிமூட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதே நல்லது.

2. நேரம்

காலை 4:45க்கு அங்கே இருங்கள். அக்டோபர் கடைசியில் சூரியன் வர 6:20 தாண்டிவிடும். நகர வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு நட்சத்திரம். இங்கே அதன் பெயர் சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தலைகாட்டினால் வெயிலின் கொட்டம் அடங்கப் போகிறது என்று அரபிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்முடைய அகத்தியர் நட்சத்திரம்தான் அது. சென்னையில் இதைவிட நன்றாக மேலே ஏறும். இங்கே அதிகபட்சம் 12 டிகிரி உயரம்தான், மணல்மேடு மறைத்துவிடும். மேடு குறுக்கே வராத இடமாகப் பார்த்து உட்காருங்கள். அதற்கு மேலே இன்னும் பிரகாசமாக ஒன்று தெரியும், அது சிரியஸ். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வருஷம் முழுக்கத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தவன் நான்.

3. அடுப்பு

டீக்கு மட்டும் என்றால் சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வரும் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு போதும். சிலிண்டரைத் திரும்பி வந்ததும் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். பகலில் காருக்குள் ஏறும் சூட்டில் அது கிடக்கக் கூடாது. பால் டீ வேண்டாம். ஏலக்காய் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்த சுலைமானிதான் இந்தக் காற்றுக்குப் பொருத்தம்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட வேண்டுமென்றால் கரி வேண்டும். காலுள்ள இரும்பு அடுப்பில் மூட்டுங்கள், வெறும் மணலில் கூடாது. பக்கத்தில் காஃப் மரம் நிற்கும்; 2008 முதல் இந்த நாட்டின் தேசிய மரம். நம்மூர்க் கோயிலில் சுற்றி வருகிறோமே, அதே வன்னிதான். சுள்ளிக்காகக்கூட அதில் கை வைக்காதீர்கள்.

4. நெருப்பை அணைப்பது (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

முதல் தடவை போனபோது, மிஞ்சிய தணலைக் குழியில் கொட்டி, மேலே மணலைத் தள்ளி மூடினேன். புகை நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து செருப்பில்லாமல் பாயை உதறப் போனவன், சரியாக அதே இடத்தில் காலை வைத்தேன். பத்து நாள் நொண்டினேன்.

மணல் போட்டால் கரி சீக்கிரம் அணையாது; சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மணிக்கணக்கில் நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நமக்குப் பின்னால் வரும் குழந்தை மிதித்தால்? அதனால்:

- கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரி போடுவதை நிறுத்துங்கள்.
- அடுப்பிலேயே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஆவி முகத்தில் அடிக்கும்.
- 'சுர்' சத்தம் நின்றபின் மறுபடி ஊற்றிக் கிளறுங்கள்.
- ஆறியதை இரும்பு வாளியில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இதற்கென்றே ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக. குடிக்கிற தண்ணீர் வேறு.

5. குப்பை

பிளாஸ்டிக் பையை ஒட்டகம் தின்றுவிடும். வயிற்றில் கட்டியாகச் சேர்ந்து செத்தே போகும். பையைப் பறக்கவிடாமல் முடிச்சுப் போட்டு டிக்கியில் வையுங்கள்.

பின்சேர்க்கை: "பாய் நனைந்து குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். மழையே இல்லாத ஊரில் நனையுமா என்று கேட்காதீர்கள், கடல் ஈரம் விடிகாலையில் சொட்டச் சொட்டப் பனியாக இறங்கும். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பாயைப் போட்டு, எழுந்து நடக்கப் போகும்போது பாயைச் சுருட்டி வையுங்கள். கழற்றிய ஷூவையும் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.