கிணற்று நீரின் உப்பை அளந்து ஸ்டெம் பழகுதல்: ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் (ஸ்டெம்) இணைத்துக் கற்பியுங்கள் என்று விரிவுரை செய்தால் ஆசிரியரின் குறிப்புப் புத்தகம் நிரம்பும், வகுப்பறை மாறாது. வெவ்வேறு பாட ஆசிரியர்கள் ஒரே சிக்கலில் கைவைத்து, ஒருமுறை பிழைவிட்டு, திருத்தி முடித்தால்தான் ஒரு பாடம் மற்றதை எங்கே தேடுகிறது என்று புரியும். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிணற்று நீர் கைக்கெட்டும் சிக்கல். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உவர்க் கிணறு என்றால் என்னவென்று வேலணைத் தீவுப் பிள்ளைக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு இரண்டு நாள் வேண்டும், இடையில் இரண்டு வார இடைவெளி. ஒரு பாடசாலையிலிருந்து ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். விஞ்ஞான ஆசிரியர் தனியே பழகிப் போனால் கணித ஆசிரியருக்கு விசயமே தெரியாமல் போகும். சோடியாக அழைத்து, இரண்டு சோடிகளைச் சேர்த்து நால்வர் குழுவாக்குங்கள். குழுவில் ஒருவராவது தொழினுட்பப் பாடம் எடுப்பவராக இருக்கட்டும்.

ஒரு குழுவுக்குத் தேவையானவை: ஒரே அளவான இரண்டு கறையில் உருக்குக் கரண்டிகள், கரண்டிப் பிடிகளை 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் பிடித்துவைக்க மரத்துண்டு அல்லது பிளாஸ்ரிக் மூடி, 100 ஓம் தடையி, 9 வோல்ற் மின்கலம், ஆய்வுகூடத்தின் 2 வோல்ற் ஆடல் மின் (திசை மாறி மாறி ஓடும் மின், AC) வழங்கி, மல்ரிமீற்றர், வெப்பமானி, வரைபுத்தாள். கடையில் வாங்கும் மலிவான மஞ்சள் மல்ரிமீற்றர்கள் பலவற்றில் ஆடல் மின்னுக்கான மிகக் குறைந்த வீச்சே 200 வோல்ற். அதில் 0.5 வோல்ற்றை ஒழுங்காக வாசிக்க முடியாது. 2 வோல்ற் ஆடல் வீச்சு உள்ளதா என்று முதல் நாளே பாருங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொடுக்க ஒருவரையும் விடக்கூடாது.

நியமக் கரைசல்களை, அதாவது மானியை ஒப்பிட்டுப் பார்க்கச் செறிவு தெரிந்த கரைசல்களை, ஆசிரியர்களே தயாரிக்கட்டும். 4 கிராம் உலர்ந்த உப்பைக் கரைத்து மொத்தக் கனவளவை 1 லீற்றராக்க வேண்டும். 1 லீற்றர் நீருக்குள் 4 கிராமைப் போடுவது வேறு கதை. அதில் 500 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் 1 லீற்றராக்கினால் 2 கிராம், பிறகு 1, 0.5, 0.25. சாதாரண தரக் கணிதத்தின் பெருக்கல் விருத்தி இங்கே முகவைகளில் நிற்கிறது. ஒரு படியில் விட்ட வழு அடுத்த எல்லாப் படிக்கும் போகும் என்பதையும் காட்டலாம். கிணற்று நீரால் கரைசல் செய்யாதீர்கள், அதில் ஏற்கெனவே கரைந்த உப்புகள் உண்டு. காய்ச்சி வடித்த நீர் வேண்டும். கிடைக்காவிட்டால் திறந்த வெளியில் நேரே சட்டியில் ஏந்திய மழைநீர்.

குழுவுக்குக் கொடுக்கும் வேலை இதுதான்: கரண்டிகளை மின்வாய்களாக நீரில் அமிழ்த்தி, ஒரு மணி நேரத்தில் உப்புமானி ஒன்றைக் கட்டுங்கள். உப்புக் கூடினால் நீர் மின்னைக் கூடக் கடத்தும். உங்கள் மானியால் அடுத்த குழு அதே மாதிரியை அளந்தால் விடை 10 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. வரைபடம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் 9 வோல்ற் மின்கலத்தைத்தான் எடுப்பார்கள். வாசிப்பு ஓரிடத்தில் நிற்காது. மின்வாய்களில் குமிழிகள் வரும், முனைவாக்கத்தால் (மின்வாயில் சேரும் வாயுவும் அயன்களும் ஓட்டத்தைத் தடுப்பதால்) மின்னோட்டம் விழும், செறிந்த கரைசலில் குளோரீன் மணக்கலாம் (யன்னலைத் திறந்து வையுங்கள்). பயிற்றுநருக்கு இதுதான் மிகக் கடினமான கால் மணி நேரம்: வாயைத் திறக்கக்கூடாது. ஏன் நகர்கிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்து வந்த பிறகே ஆடல் மின் வழங்கியை மேசையில் வையுங்கள். திசை மாறி மாறி ஓடுவதால் அதில் இந்தச் சேர்க்கை பெரிதாக வராது. கரண்டி மானியையும் 100 ஓம் தடையியையும் தொடராகத் தொடுத்து, தடையிக்குக் குறுக்கே வோல்ற்றளவை வாசிக்கலாம்.

அடுத்த தடுக்கல் வரைபில். செறிவுக்கு எதிரே வோல்ற்றளவைக் குறித்தால் கோடு வளையும். பலர் உடனே கரைசல் பிழை என்பார்கள். கரைசல் சரி, வோல்ற்றளவுதான் செறிவுக்கு நேர்விகிதசமமன்று. வழங்கல் E, தடையிக்குக் குறுக்கே V, தடை R எனின் கரைசலின் கடத்துதிறன் V ÷ R(E − V). 2 வோல்ற் வழங்கலில் 0.57 வாசித்தால் 0.57 ÷ (100 × 1.43), ஏறத்தாழ 4 மில்லிசீமன். இப்படி மாற்றிக் குறித்தால் புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழும். கணித ஆசிரியர் இல்லாமல் மானி முடியாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். சராசரி எடுக்க மட்டும் கணிதத்தைக் கூப்பிடுவது ஒருங்கிணைப்பு ஆகாது.

குழுக்களிடையே விடை பொருந்தாவிட்டால் முதலில் கரண்டி அமிழும் ஆழத்தைப் பாருங்கள், பிறகு இடைவெளியை, பிறகு வெப்பநிலையை. ஒரு பாகை செல்சியசுக்குக் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். காலையில் அளந்ததை வெயிலில் வைத்த மாதிரியோடு ஒப்பிட்டால் பிழைக்கும். அமிழும் மட்டத்தில் அழியாத கோடு கீறுவதும், பிடிகளை அசையாமல் இறுக்குவதும் இதற்கான மறுவடிவமைப்பு. பொறியியல் என்று தனியே ஒரு பகுதி தேட வேண்டாம், அது இதுதான்.

பிறகே கிணற்று நீர். கடலோரக் கிணறு ஒன்று, கடலிலிருந்து தள்ளிய கிணறு ஒன்று. மானி உப்பை மட்டும் காணாது. சுண்ணாம்புக் கல்லிலிருந்து வரும் வன்மையும் தோட்டப் பசளையின் நைத்திரேற்றும் கடத்தும். ஆகவே விடையை “இவ்வளவு உப்புக்குச் சமன்” என்றுதான் எழுத வேண்டும், குடிக்கலாமா என்ற தீர்ப்பு இதில் இல்லை. நேரமிருந்தால் அடர்த்திக் கணக்கையும் செய்யுங்கள்: நன்னீர் 1.000, கடல்நீர் 1.025, எனவே கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். வெடிப்புகள் நிறைந்த எங்கள் கல்லில் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் அளவுக்கு மீறி இறைத்தால் ஏன் கிணறு உவர்க்கிறது என்பது இலக்கத்தில் தெரியும்.

மாலையில் ஒவ்வொரு சோடியும் இரட்டைப் பாடவேளைக்கு ஒரு பாடத்திட்டம் எழுதட்டும். கரைசல்களை முன்கூட்டியே செய்துவைக்காவிட்டால் அந்த நேரம் போதாது. இரண்டு வாரத்துக்குள் இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று கற்பிக்க வேண்டும். அதற்கு நேரசூசி மாற வேண்டும், எனவே முதல் நாளின் கடைசி மணிக்கு அதிபர்களையும் கூப்பிடுங்கள்.

இரண்டாம் நாளுக்கு ஒவ்வொரு சோடியும் மாணவரின் மூன்று வரைபுத்தாள்களைக் கொண்டுவரட்டும்: சரியாக வந்தது, நடுத்தரம், பிழைத்தது. கலந்துரையாடலைப் பிழைத்த தாளிலிருந்தே தொடங்குங்கள்.