கோடு போட்ட பிறகு கூப்பிடாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பகுதிச் சந்திப்பு ஒன்றை அகலப்படுத்தும் திட்டம். சுவரில் பெரிய வரைபடம், மேடையில் சால்வைகள், எல்லோர் கையிலும் காபி. பேச்சுகள் முடிந்ததும் பூ விற்கும் அம்மா ஒருவர் எழுந்து வரைபடத்தின் அருகில் போனார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் வேப்பமரம் எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டார். இளம் பொறியாளர் திகைத்துப் போனார். மரம் வரைபடத்தில் இல்லை. மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டமும் இல்லை, அந்த அம்மாவின் கூடையும் இல்லை. டெண்டர் அதற்கு முந்தைய மாதமே முடிந்திருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அழைப்பு வந்தது, நாற்காலி இருந்தது, பேச விட்டார்கள். ஆனால் கேட்க வேண்டிய காலம் கடந்துவிட்டிருந்தது. சாலைத் திட்டங்களில் நடக்கும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் போய் முடிகிறது.

முடிந்த வரைபடத்தோடு வருவது

வரைபடம் முடிந்த பிறகு மக்களிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்பவர் வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிடுகிறார், வேண்டும் என்பவர் கைதட்டிவிட்டுப் போகிறார். இரண்டு பேரிடமிருந்தும் பொறியாளருக்குப் பயன்படும் ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

முதல் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது, இன்று இருக்கும் நிலையைக் காட்டும் படம் மட்டுமே: சாலை, சாக்கடை, மரம், கம்பம், கடை வாசல், பஸ் நிறுத்தம். கேள்விகளும் எளிமையாக இருக்கலாம். எங்கே சாலையைக் கடக்கிறீர்கள்? எங்கே காத்திருக்கிறீர்கள்? மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கிறது? எங்கே ஒருமுறையாவது விழப் போனீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியமானது. காவல் நிலையப் பதிவேட்டில் ஏறுவது நடந்த விபத்து மட்டும்தான். மயிரிழையில் தப்பிய கதைகள் எல்லாம் அந்த முனையில் டீக்கடை வைத்திருப்பவரிடம்தான் இருக்கின்றன. இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு மூன்று மாற்று யோசனைகளோடு வரலாம். மூன்றாவது கூட்டத்தில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லலாம்.

கல் நட்ட பிறகு பேசப் போனால் என்ன ஆகும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு, 277 கிலோமீட்டர் நீளத் திட்டத்துக்கு, அளவைக் கற்களோடு வயலுக்குள் வந்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றாலும், சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் மேலே நகர முடியாது என்றது. திட்டம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. முதலில் பேச எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய மாதங்களை மிச்சப்படுத்தப் போய், நீதிமன்றத்தில் வருடங்கள் கழிந்தன.

கூட்டத்துக்கு யார் வந்தார்கள்?

வேலை நாளில் காலை 11 மணிக்கு அலுவலகக் கூட்ட அரங்கில் கூட்டம் என்று அறிவித்தால் வருபவர்கள் சங்கத் தலைவர்கள், கட்சிக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். அந்த நேரத்தில் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் பற்றவைத்துக்கொண்டிருப்பார். லீ பஜாரில் மூட்டை இறக்கியவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். சாலையில் நடப்பவர்களும் தள்ளுவண்டி இழுப்பவர்களும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இவர்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பதைவிட அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது எளிது. பழைய பேருந்து நிலையம் பக்கத்துச் சாலை என்றால் விடிவதற்கு முன் வ.உ.சி. பூ மார்க்கெட் வாசலில் நிற்கலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைச் சாலை என்றால் நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருபவரிடம் இரண்டு நிமிடம் பேசலாம். பள்ளி இருந்தால் பிள்ளைகளிடம் கேளுங்கள். எந்த இடத்தில் ஓட வேண்டும், எந்த இடத்தில் நடந்தால் போதும் என்று அவர்கள் சொல்வதில் பொய்யே இருக்காது.

நடைபாதை வியாபாரிகளைத் திட்டத்தில் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது இன்னொரு வாடிக்கை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது: கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்தக் குழுவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே உட்கார வைத்தால், வேலை நடக்கும் நாளில் பொக்லைன் முன்னால் யாரும் படுக்க நேராது.

கடைக்காரர்கள் வருவார்கள், உரக்கவும் பேசுவார்கள். வாகனம் நிறுத்த இடம் போனால் வியாபாரம் போய்விடும் என்பார்கள். அந்தப் பயத்தை மதிக்க வேண்டும், ஆனால் அளந்தும் பார்க்க வேண்டும். தங்கள் வாடிக்கையாளரில் காரில் வருபவர்களின் பங்கைக் கடைக்காரர்கள் உண்மையைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள் என்று பல நாட்டு நகரங்களில் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு சனிக்கிழமை மாலை, கடைக்குள் வருபவர்களிடம் "எதில் வந்தீர்கள்?" என்று கேட்டுக் கோடு கிழித்தாலே போதும்.

வண்டியை எண்ணி மனிதரை விடுவது

போக்குவரத்துக் கணக்கெடுப்பில் காரை ஓர் அலகு என்று வைத்து மற்ற வாகனங்களை அதன்படி மாற்றுவார்கள். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பு இந்தியச் சாலைகள் காங்கிரஸ். நகரச் சாலைகளுக்கான அதன் விதியில் இருசக்கர வாகனத்துக்கு 0.5 அல்லது 0.75 அலகு. பஸ்ஸுக்கு இரண்டுக்கு மேல். சாலை எவ்வளவு இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று பார்க்க இது சரியான கணக்கு. ஆனால் 50 பேரைச் சுமந்த டவுன் பஸ்ஸும் இரண்டு மூன்று கார்களும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்று. நடப்பவருக்கு அலகே கிடையாது. அவர் கணக்கில் வராததால் வரைபடத்திலும் வருவதில்லை.

எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பதும் இருக்கிறது. அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சாதாரணப் புதன்கிழமையில் எண்ணினால் ஒரு படம் கிடைக்கும். மே மாதத்து ஞாயிறு மாலை, ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகள் கோரிமேடு வழியாக வரிசையாக வந்து சேரும்போது எண்ணினால் முற்றிலும் வேறு படம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் டவுன் பக்கம் எண்ணிப் பாருங்கள். வண்டி நகராது, மனிதர்கள் மட்டுமே நகர்வார்கள். ஆண்டுக்குச் சில நாட்களுக்காகச் சாலை கட்ட முடியாதுதான். அந்த நாட்களில் தடுப்பை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்றாவது வரைபடம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிக்னல் நேரத்திலும் இதே கோளாறு. நான்கு தடச் சாலை என்றால் ஏறக்குறைய 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க 12 நொடி போதும், பல கணக்குகள் அந்த வேகத்தை வைத்தே போடப்படுகின்றன. முழங்கால் வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நொடியில் அவர் சாலையின் நடுவில் நிற்கிறார். இடது பக்கம் எப்போதும் தடையின்றித் திரும்பலாம் என்று வளைத்து விட்ட சந்திப்புகளில் அவருக்கு அந்த 12 நொடியும் கிடையாது.

எனக்கு எரிச்சல் தரும் தவறு நடுத்தடுப்பைப் பற்றியது. விபத்து நடக்கிறது என்று தடுப்பில் இருந்த இடைவெளியை ஒரே இரவில் அடைத்துவிடுவார்கள். எதிர்ப் பக்கத்து ரேஷன் கடைக்குப் போக அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றானதும், ஆட்கள் எதிர்த்திசையில் வண்டி ஓட்டத் தொடங்குவார்கள். நடப்பவர்கள் தடுப்பின் மேல் ஏறிக் குதிப்பார்கள். பிறகு "மக்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்று ஒரு பேட்டி வரும். ஒழுக்கத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அடைக்கும் முன் அந்த இடைவெளியில் ஒரு மணி நேரம் நின்று, யார் எதற்காகக் கடக்கிறார்கள் என்று பார்த்தவர் யாராவது உண்டா?

மேம்பாலம் கட்டினால் சந்திப்பு தீர்ந்துவிடாது

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32 என்று பொறியியல் பாடநூல்கள் கணக்குக் காட்டும். மூன்று சாலைச் சந்திப்பில் 9, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பைப் பற்றி நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். 2020 ஜூனில் அங்கே ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். நேராகப் போகும் வண்டிக்கு அது பெரிய நிம்மதி, மறுப்பதற்கில்லை. ஆனால் கீழே சாலையைக் கடப்பவருக்குச் சந்திப்பு அப்படியேதான் இருக்கிறது, கூடவே தூண்கள். மேலே போகும் வண்டிக்குப் பாலம் என்று திட்டமிடும்போதே, தூண்களுக்கு இடையே நடப்பவருக்கு என்ன என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

வரைபடம் புரியவில்லை என்றால்

மேலிருந்து பார்த்த கோட்டுப் படத்தைப் படிக்கத் தெரியாதது மக்களின் குறை அல்ல. சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, புதிய நடைபாதை எங்கே முடியும், ரவுண்டானா எவ்வளவு பெரியது என்று தார்ச் சாலையின் மேலேயே கோடு போடுங்கள். மணல் மூட்டைகளையும் டிரம்களையும் வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். பஸ் டிரைவர் திரும்ப முடியவில்லை என்றால் மூட்டையை நகர்த்தினால் போயிற்று, கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை. அந்தப் பூக்கார அம்மாவும் தன் கூடையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்பது விதி. 'தடையற்ற' என்ற சொல்லைத்தான் மறந்துவிடுகிறோம். அகலத்தைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, டிரான்ஸ்பார்மரையும் கேபிள் பெட்டியையும் நடுவில் நிறுத்தினால் பாட்டி மறுபடியும் சாலையில்தான் இறங்குவார்.

சாலை உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகி, மழைநீர் வாசற்படி ஏறி உள்ளே வரும். சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாடு அரசின் உத்தரவு இருக்கிறது. வேலை தொடங்கும் நாளில் தெருக்காரர் ஒருவர் அந்த உத்தரவை நினைவூட்டினால் போதும்.

நம் பக்கத்துத் தவறுகள்

எல்லாப் பழியையும் அதிகாரிகள் மேல் போடுவது நியாயம் இல்லை. நாம் கொடுக்கும் மனுக்களில் பாதி வேகத்தடை கேட்டு எழுதியவை. அனுமதி வரும் வரை பொறுக்காமல் நாமே மண்ணும் தாரும் கொட்டி மேடு போடுவதும் உண்டு. முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் மட்டுமே எழும்பும். தெருவில் நாம் கொட்டும் செங்குத்து மேடு இடுப்பை முறிக்கும், ஆம்புலன்ஸை நிறுத்தும்.

இரண்டாவது, தவறான கதவைத் தட்டுவது. சேலத்தில் ஒரே பயணத்தில் மாநகராட்சிச் சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை, தேசிய நெடுஞ்சாலை மூன்றையும் தொட்டுவிடலாம். சிக்னல் என்றால் காவல் துறையும் வரும், ரயில்வே கேட் என்றால் ரயில்வேயும் வரும். கொண்டலாம்பட்டி பைபாஸ் சந்திப்புக்கு வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். யாருடைய சாலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், வரைபடத்தின் நகலையும் சேர்த்தே கேட்கலாம். பல துறைகள் சம்பந்தப்பட்ட சந்திப்பு என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுதான் சரியான இடம். தெரு அளவிலான விஷயங்களுக்கு, வார்டுக்குள் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள், 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியவை, இருக்கின்றன. நாம் போகாததால் அவை போட்டோ எடுக்கும் நிகழ்ச்சியாக முடிந்துவிடுகின்றன.

மனுவில் "போக்குவரத்து நெரிசலைச் சரிசெய்யவும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். "காலை 8.30 முதல் 9.15 வரை பள்ளி வாசலில் கிழக்கே திரும்பும் வேன்களால் பிள்ளைகள் நிற்க இடம் இல்லை" என்று நான்கு நாள் பார்த்து எழுதிய ஒரு பக்கம், 500 கையெழுத்தைவிடக் கனமானது. அதிகாரிகளுக்கும் இதே அளவுகோல்தான். ஏற்காத யோசனைக்கு ஒற்றை வரியிலாவது காரணம் எழுதித் தராவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அந்த மனிதர் வரமாட்டார்.

மலைப்பாதை

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கருத்துக் கேட்பு என்றால் ஓட்டல், விடுதி உரிமையாளர்கள் சொல்வது வாகன நிறுத்தம், சுற்றுலா, வார இறுதி. எல்லாம் நியாயம். ஆனால் வாரத்தின் ஏழு நாளும் அந்தச் சாலையில் போய்வருபவர்கள் காபித் தோட்டத் தொழிலாளர்களும், மலைக்கிராமத்தில் இருந்து மருத்துவமனைக்கு இறங்குபவர்களும், மிளகு மூட்டையோடு டெம்போ ஓட்டுபவர்களும். எந்த வளைவில் மழைக்காலத்தில் கல் உருளும், எந்த வளைவில் பஸ் பின்னால் வந்துதான் திரும்ப முடியும் என்பது இவர்களுக்கு மனப்பாடம். ஏறும் வண்டிக்கே முதல் வழி என்ற விதியைச் சமவெளியில் இருந்து வரும் ஓட்டுநர்கள் எந்த வளைவில் அதிகம் மீறுகிறார்கள் என்றும் சொல்வார்கள்.

அவர்களைக் கேட்க வேண்டும் என்றால் கூட்டத்தை முடிக்கும் நேரத்தில் கவனம் வேண்டும். தங்கள் ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் புறப்படும் நேரம் நெருங்கினால், பேச வேண்டியதைப் பேசாமலே எழுந்து போய்விடுவார்கள். அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் பேருந்து நிலையத்துக்கு ஒரு நடை போய் நேரத்தைக் கேட்டு வருவது நல்லது.